படகுத்துறையில் சொன்ன வார்த்தை

நெல் களத்தில் கிடக்கும்போது வானம் இருட்டினால் டெல்டாக்காரர்கள் யாருக்கும் சோறு இறங்காது. வானதி பூதலூருக்குப் பக்கத்தில் உள்ள கொள்முதல் நிலையத்தில், தன் வீட்டுக் குறுவை நெல்லுக்குக் காவலாகச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். காலையில் நெல்லில் ஈரப்பதம் கூடுதல் என்று கருவி காட்டியது. காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். காயவைக்க வெயில் வேண்டுமே, அதை எங்கே போய் வாங்குவது? மாமியார் ஞானாம்பாள் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். வானதி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்ததால், மழை எப்போது வரும் என்று பார்க்கிறாள் போல என்று பக்கத்து நெல்காரர் பக்கிரி நினைத்துக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வீடியோ கேமுக்கு வந்திருந்த விமர்சனத்தை.

எல்ட்வேன் என்று ஒரு கேம். இருபது வருடமாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிறது. மந்திரம், வாள், டிராகன், இடிந்த கோட்டை எல்லாம் உண்டு. அதன் கதையை வானதியும் அவள் புருஷன் பிரபுவும் யூடியூபில் தமிழில் சொல்லிவந்தார்கள். பிரபுவுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. ஷிப்ட் முடிந்ததும் அறையில் உட்கார்ந்து விளையாடி, காட்சிகளைப் பதிவு செய்து அனுப்புவான். வானதி வசனத்தைத் தமிழில் எழுதிக் குரல் கொடுப்பாள். இரண்டையும் ஒட்டி ஏற்றுவது மறுபடி அவன் பொறுப்பு. கல்யாணமான மறு வருடமே விமானம் ஏறியவன். மற்ற புருஷன் பெண்டாட்டிகள் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள், துணிக்கடையில் சண்டை போட்டார்கள். இவர்கள் சேர்ந்து டிராகன் அடித்தார்கள். குடித்தனம் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அதுதான்.

இந்த மாதத்தோடு அவனுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. ஊருக்கு வந்துவிடப் போகிறானா, இன்னும் சில வருடங்களுக்குக் கையெழுத்துப் போடப் போகிறானா என்று கேட்கும்போதெல்லாம் ‘பாக்கலாம்’ என்றான். அந்த வார்த்தை வானதியின் காதிலேயே தங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் நெல்லைத் துழாவினாள், அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அவர்கள் வீடியோவுக்குக் கீழே விமர்சனம் எழுதியவர் திருவையாற்றுக்காரர், இனியவன் என்று ஒரு தமிழாசிரியர். “அம்மா, பதினோரு பாகங்களையும் உங்கள் குரலில் பார்த்தேன். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நாயகன் ஏதோ ஒரு ஊர்ப் படகுத்துறையில் நின்று ‘போயிட்டு வர்றேன்’ என்கிறான். எதிலும் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை. எழுதியவர்களுக்கே மறந்துவிட்டது போலும். இதில் என்ன ஆழம் இருக்கிறது? வாள் இருக்கிறது, வித்தை இருக்கிறது, கதைதான் இல்லை.”

வானதிக்குச் சுருக்கென்றது. வாத்தியாருக்கு நாலு வார்த்தை நறுக்கென்று எழுதத்தான் இயர்போனை மாட்டிக்கொண்டு முதல் பாகத்தின் கடைசிக் காட்சியைப் போட்டாள். தன் குரல் இல்லாத ஆங்கிலப் பதிவு. துறையில் படகு நிற்கிறது. தாயும் தங்கையும் கரையில் நிற்கிறார்கள். நாயகன் திரும்பிப் பார்த்து ‘ஐ மஸ்ட் கோ’ என்கிறான். அவ்வளவுதான். போக வேண்டும். ‘வருகிறேன்’ என்ற பேச்சே இல்லை. பதறிப்போய் அடுத்தடுத்த பாகங்களைப் போட்டாள். எல்லாவற்றிலும் அதே சொல்தான்.

பிறகு எங்கிருந்து வந்தது அந்த ‘வர்றேன்’? அவளிடமிருந்துதான் வந்தது. கடைக்குச் சீனி வாங்கப் போகிறவள்கூட வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்ல முடியாத வீட்டில் வளர்ந்தவள் அவள். சொன்னால் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, ‘போயிட்டு வர்றேன்னு சொல்லுடி’ என்று திரும்பச் சொல்லவைத்துவிட்டுத்தான் அனுப்புவாள். அப்படி வளர்ந்தவள் எழுதிய மொழிபெயர்ப்பு வேறு எப்படி இருக்கும்? யோசிக்காமல் எழுதியிருக்கிறாள், பதினோரு தடவையும்.

அப்போதுதான் நாலாம் பாகத்தில் இடையே காட்டும், தாயும் தங்கையும் இருக்கும் துறை வீடு ஞாபகம் வந்தது. மேசையைச் சுற்றி இருப்பவர்களைவிட ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். படம் வரைந்தவன் எண்ணத் தெரியாமல் வைத்துவிட்டான் என்று வீடியோவிலேயே கேலி செய்திருந்தாள். எட்டாம் பாகத்தில், தாய் செத்துப்போய்த் தங்கைக்குத் தலை நரைத்த பிறகும், அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. அவன் போகிறேன் என்றுதான் சொன்னான். வீட்டிலிருந்தவர்கள் காதில் வருகிறேன் என்று விழுந்திருக்கிறது, அவளுக்கு விழுந்த மாதிரியே. ஆழம் இல்லையாமே! இருபது வருடமாக ஒரு தட்டை எடுக்காமல் வைத்திருந்தவர்களுக்கா கதை மறந்துவிட்டது? வானதிக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. ஆங்கிலக் குரலை எடுத்துவிட்டு அவள் குரலை ஒட்டியது பிரபு. இரண்டையும் கேட்டுக் கேட்டுத்தான் ஒட்டியிருப்பான். அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உடனே அவனைக் கூப்பிட்டாள்.

“நெல்லு எடுத்துட்டாங்களா?” என்றான் அவன் எடுத்ததும்.

“இல்ல. ஒன்னு கேக்கணும். துறையில அவன் சொல்றது ‘போயிட்டு வர்றேன்’ இல்லதானே?”

அந்தப் பக்கம் ஏதோ இரும்பு அறுபடும் சத்தம் கேட்டது.

“ஆமா,” என்றான்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“மொத பாகத்துலயே தெரியும்.”

“ஏங்க சொல்லல?”

“நீ சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு வானதி. மாத்த மனசு வரல.”

“அவன் ஏங்க திரும்பி வரல? யாராச்சும் தடுத்தாங்களா?”

“யாரும் தடுக்கல. அங்கயே பழகிருச்சு அவனுக்கு. திரும்பி வந்தா, தட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கவங்ககிட்ட என்ன பேசுறதுன்னு தெரியாதுல்ல?”

பதினோரு பாகமும் அவளுக்கு மனப்பாடம். இந்த வசனம் எதிலும் இல்லை.

“யாரப் பத்திப் பேசுறீங்க?”

“கேமப் பத்தித்தான். நீ ஒன்னு. வெறும் கேம்தானே அது.”

வெறும் கேம்தானே என்று அவள் அண்ணன் சொல்லியிருக்கிறான், தெருவில் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களிடமெல்லாம் வீடியோ காலிலேயே மல்லுக்கு நின்றவன் பிரபு. அவன் வாயிலிருந்து அது வந்தபோது வானதிக்கு உள்ளங்கால் வரை பயமாகிவிட்டது.

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா?” என்று கேட்டாள்.

இரும்புச் சத்தம் நின்றிருந்தது. “சூப்பர்வைசர் கூப்புடுறாரு, அப்பறம் பேசுறேன்,” என்றான். யாரும் அவனைக் கூப்பிட்ட மாதிரி அவள் காதில் விழவில்லை.

“யம்மா வானதி, படுதாவ இழு!” என்று பக்கிரி கத்தியபோதுதான் தலையில் சொட்டு விழுவது தெரிந்தது. களம் முழுக்க ஆட்கள் ஓடினார்கள். வானதி படுதாவை இழுத்து நெல்லை மூடி, காற்றில் தூக்கிய மூலையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நின்றாள். ஞானாம்பாள் டிபன் கேரியரை முந்தானைக்குள் மறைத்தபடி சேற்றில் வேகமாக வந்தாள்.

“புள்ள பேசுனானா?” என்று தூரத்திலிருந்தே கேட்டாள். கேரியரைச் சாக்குக் கட்டின்மேல் வைத்தாள். “காலையில நான் போன் பண்ணப்ப எடுக்கலயே. என்ன சொன்னான்?”

வானதி அந்த முகத்தைப் பார்த்தாள். மகனைப் பார்க்க முடியாத வருடங்கள் முழுக்க இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அவன் சொன்னது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னாள்.

“வர்றேன்னு சொன்னாங்க அத்த.”

“அப்புடிச் சொல்லு!” ஞானாம்பாளுக்கு முகமெல்லாம் பல். “எனக்குத் தெரியும்டி, வந்துருவான்னு. மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கணும். நெல்லு மட்டும் எடுத்துட்டாங்கன்னா நாளைக்கே ஆளச் சொல்லிடலாம்.” சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போய், இல்லாத பலமெல்லாம் வந்தவளாகப் படுதாவை ஒரே இழுப்பாக இழுத்தாள். வானதியின் காலடியில் இருந்த மூலை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. திறந்து கிடந்த நெல்லின்மேல் மழை சடசடவென்று விழுந்தது. “இழுக்காதீங்க அத்த, இழுக்காதீங்க,” என்று கத்திக்கொண்டே வானதி முட்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து அதன்மேல் கவிழ்ந்தாள்.