நாற்பதாம் நாளின் காலணிகள்

கருத்த பனி பெய்யும் ஊர் ஒன்று தொலைவடக்கே கரகாண்டா என்னும் புல்வெளியில் உண்டு, அன்பரே! இரும்பாலையின் புகைபோக்கிகள் உமிழ்ந்த கரி வானிலேயே பனியோடு கலந்து, கூரைகளிலும் தெருக்களிலும் உறைந்த ஏரியின் மேலும் படிந்து கிடக்க, பொழுது புலர்ந்தும் ஒளி புலராத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எங்கள் வழிபாட்டு மனையின் அடுக்களையில் எல்விரா என்னும் பெருமாட்டி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

வாரமெல்லாம் ரொட்டி ஆலையில் மாவு பிசைந்து களைத்த அந்தக் கைகள், ஓய்வு நாள்தோறும் போதையூசிக்கு அடிமைப்பட்டு மீண்டுவரும் இளையோர்க்குக் கூலியின்றிச் சமைத்தன. எங்கள் மனையை ஒட்டிய மீட்பில்லத்தில் சேர்வோர் முதல் நாளே தம் காலணிகளை எல்விராவின் அலமாரியில் ஒப்படைத்துவிட வேண்டும். நாற்பதாம் நாள் சபை முன் நின்று, தாம் விடுதலை பெற்றதாகச் சான்று கூறி, அவர் கையாலேயே அவற்றைத் திரும்பப் பெற வேண்டும். அதே இல்லத்தில் சேர்ந்திருந்த எல்விராவின் ஒரே மகன் விக்தர் பத்தொன்பதாம் நாள் வெறுங்காலோடு ஓடிப்போய் மாண்டவன்.

அன்று ரொதியோனுக்கு நாற்பதாம் நாள். இருபத்திரண்டு வயது நிரம்பிய அவ்விளைஞன் அடுக்களை வாயிலில் வந்து நின்றான்.

"அத்தை, இன்னைக்கு பூட்ஸைத் தராதீங்க. இன்னும் ஒரு மாசம் உங்க அலமாரியிலேயே இருக்கட்டும்."

"ஏன்டா, துரைக்குக் கால் வளர்ந்துடுச்சா?"

"சிரிக்காதீங்க அத்தை. கனவுல கூட ஊசிதான் வருது. தெருவைப் பார்த்தாலே கை நடுங்குது. விடுதலைன்னு எப்படிச் சொல்றது?"

"பயத்துல பேசுற. நீ வாயால அறிக்கை பண்ணு, மிச்சத்தை ஆண்டவர் பார்த்துப்பார். உங்கம்மா ஆறு மணி நேரம் ரயில்ல வந்திருக்காங்க. தேன் கேக் கூடச் சுட்டாச்சுடா!"

அவன் சபை முன் நின்று, "நான் விடுதலையாயிட்டேன்" என்றான். தாய் கதறினார், மூப்பர் யாகோவ் அவனைத் தழுவினார், எல்விரா காலணிகளை நீட்டினார். யானும் உளமுருகி அழுதேன்; பின்னர் இரண்டு துண்டு கேக்கும் தின்றேன். அவன் முகத்தை எவரும் உற்று நோக்கவில்லை.

செவ்வாயன்று அவன் மீட்பில்லத்தை விட்டு வெளியேறினான். வியாழன் நண்பகலில் திரும்பி வந்து வாயிற்கதவின் கம்பியைப் பற்றி நின்றவனைக் எங்கள் வாயிற்காவலர் செம்யோன் கண்டார்.

"உள்ள வாடா, சூப் சூடா இருக்கு."

"எந்த முகத்தோட வர்றது அண்ணே? எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். மறுநாள், பாழடைந்த அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டில் அவன் உடல் கிடந்தது. கையில் ஊசியும் காலில் அந்தக் காலணிகளும் இருந்தன.

அடுத்த ஞாயிறு, சான்று கூறும் இடத்தில் எல்விரா போய் நின்றார்.

"அவன் பொய் சொல்லலை. நான்தான் சொல்ல வச்சேன். என் பையன் எட்டாத நாற்பதை இவனாவது எட்டணும்னு எனக்குத்தான் அவசரம். பூட்ஸை வச்சுக்கோங்கன்னு கேட்டான். நான் குடுத்துட்டேன்."

அன்று பாடகர் குழு பாடவில்லை.

அன்பரே, மகிழ்ச்சிக்கு அவசரப்பட்ட சபை நாங்கள். தளர்ந்தவன் தளர்ந்தேன் என்று சொல்ல எங்களிடையே ஓரிடம் விட்டோமில்லை. அவன் தாய் வாங்க மறுத்த காலணிகளை எல்விரா கரிப்பனி போகத் துடைத்து, அவன் கேட்டுக்கொண்ட அதே அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவன் கேட்ட ஒரு மாதம் கடந்து மாதங்கள் பல ஆயின. அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.