ஒரு வருஷமும் ஒரு நாளும்

மே மாதம் பிறந்த அன்று அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் முழங்காலளவு பனி கொட்டிவிட்டது. பெல்டேன் என்கிற வசந்த விழாவுக்குக் கம்பம் நட மண் இடம் கொடுக்கவில்லை. விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்தவள் கொரின்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டே தங்கள் சூனியக்காரக் கூட்டத்தார் எல்லாருக்கும் போன் போட்டாள்.

"சூரியனே லீவு போட்டா சூனியக்காரிங்க நாம என்னடி பண்றது?" என்று சிரித்தாள் டார்லீன். "உங்க ரெண்டு பேரையும் சேத்து எட்டுப் பேரு, கம்பத்தச் சுத்தி ஆடிப் பின்ன எட்டு நாடா வெட்டி வெச்சிருக்கேன். நனையாம எடுத்து வெக்கறேன்."

போன வருஷம் அதே நாளில் லைலின் கையையும் கொரின் கையையும் சிவப்புக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அதுதான் கல்யாணம். கெடு ஒரு வருஷமும் ஒரு நாளும். அதற்குள் இருவரும் மறுபடி கை நீட்டினால் ஆயுசுக்கும் நிற்கும். இல்லையென்றால் இருவருமாகச் சேர்ந்து அவிழ்த்துவிட வேண்டும். கையை உருவிக்கொண்ட பிறகும் அவிழாத அந்த முடிச்சு அடுப்புக்கு மேல் ஆணியில் தொங்கியது. லைல் குளிர்காலம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. கை நீட்டுவானா மாட்டானா என்று அவள் அதைப் பார்த்துப் பார்த்தே சமைத்தாள்.

மூன்றாம் தேதி காலை அவன் கோட்டைக் கழற்றாமல் வந்து நின்றான்.

"கெடு நேத்தோட முடிஞ்சுது, கொரின்."

"விழா அடுத்த வாரந்தானே? அன்னைக்குப் பாத்துக்கலாம்."

"விழாவத் தள்ளலாம். கயித்துக்கு என்ன தவணை சொல்லுவ?"

கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான்.

"முதல் தேதி எல்லாரும் சுத்தி நின்னிருந்தா நானும் கை நீட்டியிருப்பேன். இன்னைக்கு முழிச்சேன், கை லேசா இருந்துது."

"நான்தான் தள்ளி வெச்சேன், லைல்."

"தெரியும். இல்லேன்னா ஊர் பார்க்கப் பொய்யா நீட்டியிருப்பேன்."

அவள் கயிற்றை இறக்கினாள். துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் கட்டி நிறுத்துகிற கூட்டத்து ஆள் ஒருவன் போட்ட முடிச்சு, அடுப்பு ஆவியில் இறுகிக் கிடந்தது. அவன் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவிழ்ந்தபோது, முடிச்சுக்குள் இருந்த விரலளவு மட்டும் வெளுக்காமல் புதுச் சிவப்பாக இருந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான்.

மத்தியானம் டார்லீனுக்குப் போன் போட்டாள்.

"எட்டு நாடா வேணாம்."

"ஏழா? ஒத்தப்படையில பின்னல் விழாதேடி."

"ஆறு," என்றாள் கொரின்.