பிந்தி விழுந்த கால்

கடைக்காரர் இறந்து ஒரு மாதம் கழித்து அவருடைய வலது கால் மட்டும் வேலைக்குத் திரும்பியது. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. கல்லாவுக்குப் பின்னால், அவர் நின்று நின்று பலகை தேய்ந்து பள்ளமாகிப்போன இடத்தில், அது தரையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் எல்லாப் பாட்டுக்கும் இல்லை, இத்தாலிய டிஸ்கோ ரெக்கார்டு எதையாவது சுழலவிட்டால்தான். அது யாருடைய கால் என்பதில் அவர் மனைவிக்குச் சந்தேகமே எழவில்லை. ஒவ்வொரு மிதியும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. உலகத்தில் அப்படிப் பிந்துகிற கால் ஒன்றுதான் இருந்தது. அதோடு அவள் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருந்தாள்.

பல் டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே இருந்த அந்தக் கடையில் மூன்று வகை ரெக்கார்டுகள்தான் கிடைக்கும். எலக்ட்ரோ என்பது இரண்டு ரோபோக்கள் சண்டை போட்டுக்கொண்டு பிறகு சமாதானமாவது போல இருக்கும். ஆசிட் என்றால், குழாயில் மாட்டிக்கொண்ட தவளை வெளியே போக வழி கேட்பதுபோல் அடிச்சத்தம் நெளிந்துகொண்டே போகும். இத்தாலிய டிஸ்கோவில், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த காதலர்கள் டிரம் மெஷின் தயவில் நிலாவிடமும் டெலிபோனிடமும் உருகுவார்கள். புதிதாக வந்தவை வாசல் பக்கத்துப் பெட்டிகளில், மறுபதிப்புகள் நடுவில், பழைய அசல்கள் கல்லாவுக்குப் பின்னால் சுவரில். வெளிவந்த காலத்தில் சீந்த ஆளில்லாமல் கிடந்த ரெக்கார்டைத் தேடிப்பிடித்து யாராவது மறுபதிப்புப் போட்டுவிட்டால், அதே பாட்டுக்குக் கடை வாசலில் வரிசை நிற்கும். எந்தப் பாட்டு எந்த ஊரில், எந்த மெஷினில் பதிவானது என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தலைகீழ்ப் பாடம். தாளம் மட்டும் வராது. மீன் விற்கிறவருக்கு நீச்சல் தெரியாமல் இருப்பதுபோல் இதுவும் ஒன்று என்று அவள் ஆரம்பத்திலேயே மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ரெக்கார்டைக் கேட்டுப் பார்க்க வந்த வாடிக்கையாளர்கள், அவர் கால் தட்ட ஆரம்பித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள். அப்போதெல்லாம் அவள் கல்லாவுக்கு அடியில் தன் இடது காலை நகர்த்தி அவருடைய வலது கால்மேல் வைத்து அழுத்திவிடுவாள். அது அவள் பாதத்துக்கு அடியில் பிடிபட்ட புறாவைப்போலத் துடித்துக்கொண்டிருக்கும். முகத்தில் மட்டும் இருவரும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கால் திரும்பிவந்ததில் அதிகம் எரிச்சல்பட்டவர் கடைக்காரரின் தம்பி. அவர் லிஃப்ட் மெக்கானிக். எலக்ட்ரோ தவிர வேறெதையும் இசையாக மதிக்காதவர். மெஷின் போடும் தாளத்தில் குறை கண்டுபிடிக்கவே முடியாது என்பது அவருடைய நம்பிக்கை.

"உயிரோட இருந்தப்பத்தான் தாளம் வரல. செத்ததுக்கு அப்புறமாவது அண்ணன் திருந்தியிருக்கக் கூடாதா அண்ணி?"

"உங்க அண்ணனா திருந்தறது? நீங்க சொன்னதக் கேட்டு இன்னும் பலமாத் தட்டறாரு பாருங்க தம்பி."

மற்றவர்களுக்கு எளிதாகப் பழகிவிட்டது. மாடியிலிருந்து பல் டாக்டர் ஒருமுறை இறங்கிவந்து, "சார் காலைக் கொஞ்சம் மெதுவா வைக்கச் சொல்லுங்கம்மா, டிரில் பிடிக்கறப்போ கை அவர் பின்னாடியே போயிடுது" என்று கேட்டுக்கொண்டதோடு சரி. அவள் அந்தப் பள்ளத்தின்மீது ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். யாரும் இல்லாதபோது எடுத்துவிடுவாள். இத்தாலிய டிஸ்கோ அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அந்த வருஷம் முழுக்கக் கடையில் அதுதான் ஓடியது.

அப்படியிருக்கும்போது ஒரு ரெக்கார்டு நிறுவனம், யாரும் நினைவில் வைத்திராத ஓர் இத்தாலிய டிஸ்கோ பாட்டுக்கு மறுபதிப்புப் போட முடிவு செய்தது. பாட்டின் மூல ஒலிநாடாக்கள் வெள்ளத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்துப்போயிருந்தன. நாடா இல்லாவிட்டால், கீறல் விழாத அசல் ரெக்கார்டு ஒன்றைத் தேடி, அதை ஓடவிட்டுப் பதிவுசெய்து, அதிலிருந்து புதிய ரெக்கார்டுகளை அச்சிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். அப்படிக் கீறல் விழாத ரெக்கார்டு கடைக்காரரின் சுவரில்தான் இருந்தது. சுவரில் இருப்பது எதுவும் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அவள் அதைத் தளர்த்தவில்லை. ஆகவே நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் தன் சாமான்களையெல்லாம் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்தார். ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிளைக் கல்லா மேல் வைத்தார். கல்லா நின்றிருந்தது அதே பலகைமேல். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டினார். அவள் டீ போட்டாள். பலகை அதிர்ந்தது, கல்லா அதிர்ந்தது, முள்ளும் அதிர்ந்தது. அவர் அதைப் பாட்டிலேயே உள்ள கைதட்டல் என்று நினைத்துக்கொண்டார். அவளுக்கோ அந்தச் சத்தம் தன் மூச்சைப்போலப் பழகிப்போயிருந்ததால், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. சொல்லியிருக்கக்கூடியவர் கொழுந்தன் ஒருவர்தான். அவர் அந்த நேரம் பழுதுபார்க்கப் போன லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

மறுபதிப்பு பளபளவென்று புது உறையில் வந்து இறங்கியது. அவள் முதல் ரெக்கார்டைப் பிரித்து ஓடவிட்டாள். ஸ்பீக்கரிலிருந்து அவர் கால் பிந்திப் பிந்தித் தட்டியது. பலகை மட்டும் சும்மா இருந்தது. சாக்கை எடுத்துப் பார்த்தாள். வேறு ரெக்கார்டுகளைப் போட்டுப் பார்த்தாள், அசலையே இறக்கிப் போட்டுப் பார்த்தாள். கால் ரெக்கார்டோடு போய்விட்டிருந்தது. அன்று அந்தக் கடையில் எல்லாப் பாட்டும் முதல்முறையாகச் சரியான தாளத்தில் ஓடியது. அவளால் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்க முடியவில்லை.

வெளியே போன கால் சும்மா இருக்கவில்லை. ரெக்கார்டு கடை கடையாகத் தீர்ந்தது. அந்தச் சோம்பேறிக் கைதட்டலில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டை உருவாக்கியவர் வயதாகி, குளியலறை ஓடு விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டபோது, அதை வாசித்ததாக நினைவில்லை, வாசித்திருந்தால் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும் என்றார். நடன அரங்குகளில் ஆடியவர்கள் பிந்தி ஆடினார்கள். ஆடிவிட்டு வந்து மறுநாள் அலுவலகத்தில் முத்திரையையும் பிந்திக் குத்தினார்கள். முடிதிருத்துபவரின் கத்திரிக்கோல் ஒரு மயிரிழை தாமதித்தது. லிஃப்ட் கதவுகள் மூடுமுன் சற்று யோசித்தன. கொழுந்தன் பார்த்த ஒவ்வொரு லிஃப்டிலும் எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் தூக்கத்தை இழந்தார்.

இரண்டாம் பதிப்புக்கு முன் ஒலிப்பதிவாளர் தொங்கிப்போன முகத்தோடு கடைக்கு வந்தார். எங்கிருந்தோ இன்னொரு அசல் கிடைத்து, இரண்டையும் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"அம்மா, அது கைதட்டல் இல்ல போலிருக்கே."

"இல்ல. என் வீட்டுக்காரர் கால்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அடுத்த பதிப்புல துடைச்சிடறேன். ஒரு மத்தியான வேலைதான்."

"துடைங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்றார் அங்கே நின்றிருந்த கொழுந்தன். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க அண்ணி. வெளிய வேலை இல்லன்னு ஆயிட்டா மனுஷன் எங்க போவாரு? வீட்டுக்குத்தான வந்தாகணும். அண்ணன் உங்ககிட்டயே வந்துடுவாரு."

அவள் அதை ஏற்கெனவே யோசித்திருந்தாள். வேறெதையும் யோசிக்காமல்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னாள்.

அடுத்த தெருவில் ஞாயிறு மதியங்களில் நடனம் நடக்கும் கூடம் ஒன்று உண்டு. அவள் அங்கே போய்ச் சுவரோரமாக நின்றாள். அந்தப் பாட்டு வந்தது. தபால்காரம்மா, பேக்கரிக்காரர், பல் டாக்டரும் அவர் சம்சாரமும் என்று கூடம் நிறைந்திருந்த அத்தனை பேரும் ஒன்றுபோலக் காலைத் தூக்கி, ஒரு மயிரிழை காத்திருந்து, ஒன்றாக மிதித்தார்கள். சுவர் அதிர்ந்தது. தங்கள் கல்யாணத்தன்று எல்லோரும் ஆடியபோது அவர் இப்படித்தான் சுவரோரமாக நின்றார், கையில் யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு, சிரிப்பார்கள் என்று பயந்து. இங்கே யாரும் யாரைப் பார்த்தும் கண்ணடிக்கவில்லை. சரியான தாளத்தில் மிதித்த ஒரே ஆள், புதிதாக வந்த ஒருவர்; அவர்தான் எல்லோர் காலிலும் இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"துடைக்க வேணாம்" என்று அவள் மறுநாள் கடைக்கு வந்த ஒலிப்பதிவாளரிடம் சொன்னாள். "இத்தனை நாளா நான்தான் மிதிச்சுப் பிடிச்சு வச்சிருந்தேன். இப்பதான் வெளிய போயிருக்காரு. ஆடிட்டுப் போறாரு, விடுங்க."

"அப்ப நீங்க?" என்றார் கொழுந்தன்.

"நான் எங்க போகப்போறேன், கடையிலதான் இருப்பேன். அலுத்துப்போனா வரட்டும்."

ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் பதிப்பின் உறையில் டிரம் மெஷினின் பெயருக்குக் கீழே, 'வலது கால்' என்று போட்டு, கடைக்காரரின் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது வந்த அன்று அவள் கதவைச் சாத்திவிட்டு, சாக்கை விலக்கி, அந்தப் பள்ளத்தில் தன் இடது காலை வைத்து நின்றாள். பாட்டு தொடங்கியதும் தாளத்தோடு மிதித்தாள். ஒரு மயிரிழை பிந்தி, அவள் பாதத்தின்மேல் ஒரு ஷூவின் கனம் வந்து இறங்கியது. அவள் காலை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. பாட்டு முடியும்வரை அது அழுத்திக்கொண்டே இருந்தது. யாராவது உள்ளே வந்திருந்தால், அவள் எதிரில் இல்லாத ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதைத்தான் கண்டிருப்பார்கள்.

அதன் பிறகு பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஆசிட் போடுகிறவர்கள் தங்கள் மெஷினையும் பிந்த வைக்கப் பழகினார்கள், பின்னால் எலக்ட்ரோகாரர்களும். லிஃப்ட் கதவைப் பற்றிப் புகார் சொல்பவர்களிடம் கொழுந்தன் இப்போது, "அது பழுது இல்லைங்க, எங்க குடும்பத்துக் குணம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். அவளுக்கு இடது செருப்பின் முனை மட்டும் சீக்கிரமே நசுங்கிப்போகிறது. செருப்புத் தைப்பவர் ஏனென்று கேட்பதில்லை. எந்தப் பதிப்பு என்று மட்டும் கேட்பார். மூன்றாவது என்றால் தோலை இன்னொரு அடுக்கு சேர்த்துத் தைப்பார். அதில் காலைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கிறார்கள்.