கேக்குதா?

விடியற்காலை நாலரைக்கு ஐந்தாம் மாடித் தரையில் ஈரத்துணி சப்பென்று விழும் சத்தம்தான், அக்கா, எனக்குத் துணை. மருந்து கலந்த தண்ணீரின் நெடி கண்ணைக் கரிக்கும். எழுபத்திரண்டு மேசை, மேசைக்கு ஒரு போன். குனிந்து நிமிர்ந்து முடிக்கும்போது இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகம் வரும்.

ஏழு மாடிக்கு ஏழு பேர். மேலாளர் எங்களைப் பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார். கூடினால் பேச்சு வரும், பேசினால் வேலை கெடும் என்பார். மாடிதான் எங்கள் பெயர். நான் அஞ்சு. இந்த நாட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் ஆறாம் மாடிக்காரம்மாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தலைக்கு மேல் அவர் வாளி இழுபடும் சத்தம் மட்டும் பழக்கம்.

போன வாரம் மேலே தொப்பென்று ஏதோ விழுந்தது. பெட்டி என்று நினைத்து நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாதான் ஏணி சரிந்து, கை ஒடிந்து, ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். மேலாளரின் எண்ணுக்கே அடித்துக்கொண்டிருந்தாராம். வேறு எண் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"டேய் அஞ்சு, நீ போன் வேலை படிச்சவனாமே?"

"ஆமா சார்."

"நான் ஒரு நம்பர் அடிச்சா ஏழு மாடியிலயும் என் குரல் கேக்கணும். அவங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும் சார்." என் பாஸ்போர்ட் அவர் அலமாரியில் இருக்கிறது. வேறென்ன சொல்வேன்?

அலுவலகப் போன்களை இணைக்கும் கணினியில் ஒரு குழு உண்டாக்கி, மாடிக்கு ஒரு போனாக அதில் சேர்த்தேன். குழுவின் எண் அறுநூறு. அடித்தால் ஏழு போனும் தானாகவே எடுத்து ஸ்பீக்கரில் பேசும். 'கேட்க மட்டும்' என்றொரு கட்டம்; அதில் டிக் போட்டேன். மறுநாள் விடியலில் அடித்துப் பார்த்து, "கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. எப்படி வரும்? வாயைக் கட்டியவனே நான்தானே. சோதிப்பதற்காக டிக்கை எடுத்தேன்.

"கேக்குதா?"

"காது கிழியுதுப்பா!"

"யாருய்யா அது, அசரீரி மாதிரி?"

"அஞ்சுங்க."

"அஞ்சா? சத்தத்தப் பாத்தா அம்பது மாதிரி இருக்கு!"

சிரித்தார்கள். எட்டு மாதத்தில் வேலையிடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. கடைசியாக ஒரு மெல்லிய குரல்: "கேக்குது தம்பி. ஆறாம் மாடி. ஒத்தக் கையால தொடச்சுக்கிட்டு இருக்கேன்."

"அன்னிக்கு நீங்க விழுந்தது எனக்குக் கேட்டுச்சும்மா. நான்தான் மேல வரல..."

"விடு தம்பி. இப்போ பேசுறியே."

டிக்கைத் திருப்பிப் போட மறந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல். உன்னிடம் மட்டும் உண்மை: மனசு வரவில்லை.

இன்று காலை மேலாளர் அறுநூறு அடித்தார். "எல்லாரும் கவனிங்க. ஆறு விழுந்தது அவங்க கவனக்குறைவு. அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இன்னியோட கெளம்பணும். மத்தவங்களுக்கும் இது பாடம்."

"ஏணி பிடிக்க ஆள் கேட்டேனே சார்," என்றது அந்த மெல்லிய குரல்.

"யாரு பேசுறது? இதுல பேச முடியாதே! டேய் அஞ்சு!"

அலமாரி ஞாபகம் வந்தது. "விழுந்த சத்தம் நான் கேட்டேன் சார். பிடிக்க ஆள் இல்லாமத்தான் விழுந்தாங்க. அவங்கள அனுப்பாதீங்க."

"ரெண்டாம் மாடி சார். ஏணி ஏறினா கூட ஒரு ஆள் வேணும்."

"ஏழாம் மாடி. நானும் அதத்தான் சொல்றேன்."

"என்னடா, போன்லயே சந்தை நடத்துறீங்களா? ஒவ்வொருத்தரா கீழ வாங்க. தனித்தனியா பேசிக்கலாம்."

"இத்தன நாளும் தனித்தனியாத்தானே சார் கெடந்தோம்," என்றார் மூன்றாம் மாடிக்காரர். "சேர்ந்தே வர்றோம்."

படிக்கட்டில்தான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். ரெண்டாம் மாடிக்காரர் நரைத்தவர். ஏழாம் மாடிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஆறாம் மாடிக்காரம்மா கட்டுப்போட்ட கையோடு இறங்கினார். ஒரு பக்கம் நாலாம் மாடிக்காரர், மறுபக்கம் நான், பிடித்துக்கொண்டோம்.

மேலாளர் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அந்தத் தாளில் கையெழுத்து விழவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா, பாஸ்போர்ட் கைக்கு வருமா, தெரியாது அக்கா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

ரெண்டாம் மாடிக்காரர் கதவைத் தட்டினார். "சார், கேக்குதா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்கலைன்னா பரவாயில்ல சார்," என்றார் ஆறாம் மாடிக்காரம்மா. "நாங்க கேக்குறோம்."