வேலியோரம் போன ஓட்வார்

பிரேக் இல்லாத பந்தய மோட்டார் சைக்கிளை மண்தடத்தில் ஓட்டத் தெரிந்தவனுக்கு வேறு எதற்கும் பயம் வராது என்று ஓட்வார் ஹெக்லாண்ட் பெருமையடித்துக்கொண்டு திரிவான். "பல் டாக்டரத் தவிர" என்று அவன் அக்கா குன்வோர் உடனே சேர்ப்பாள்.

நார்வேயின் யேரன் கடற்கரைப் பகுதியில், அப்பாவின் உருளைக்கிழங்கு வயலில் ஓட்டைவண்டியைச் சறுக்கவிட்டுப் பழகியவன் அவன். மீசை அரும்பும் முன்பே ஸ்வீடனுக்குப் பந்தயம் ஓட்டப் போனான், பிறகு இங்கிலாந்து. வேனிலேயே தூக்கம், இரண்டு முறை காறை எலும்பு முறிவு. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதெல்லாம் குன்வோர்தான். எங்கெங்கோ ஜெயித்தவனுக்கு நார்வே சாம்பியன் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. மூன்று தடவை இரண்டாமிடம். மூன்று தடவையும் ஜெயித்தவன் ஸ்கீன் ஊர்க்காரன் டோர்மோட் லுண்டே.

அந்த வருஷம் இறுதிப்போட்டி யேரனிலேயே நடந்தது. மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. எல்லாப் பந்தயங்களும் முடிந்தபோது இருவரும் சமப்புள்ளி. இன்னொரு முறை ஓடித் தீர்க்க வேண்டும். காசு சுண்டியதில், வட்டத் தடத்தில் கிளம்பும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஓட்வாருக்கு விழுந்தது.

"உள்பக்கத்த எடு" என்றாள் குன்வோர்.

"வெளிப்பக்கம்தான்க்கா."

"புத்தி கெட்டுப்போச்சா? கிளம்பறதுல நீ ஆமை. வெளியிலேர்ந்து போனா அவன் முதுகத்தான் பாப்ப. மூணு வருஷமா பாத்தது போதாதா?"

"உள்ள மண்ணெல்லாம் வழிச்சிட்டுப் போயிடுச்சு. தகடு மாதிரி வழுக்குது. சக்கரம் வீசுன மண்ணு பூரா வேலி ஓரமா கெடக்கு. டயருக்குப் பிடி அங்கதான்."

"வேலியும் அங்கதான் இருக்கு" என்றாள். ஆனாலும் குனிந்து தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, அப்ப பல்சக்கரத்த மாத்தணும். தள்ளு."

டோர்மோட் தலைக்கவசத்தை ஆட்டிக்கொண்டே வந்தான். "உள்பக்கத்த எனக்கே விட்டுட்டியாமே. பொறந்தநாள் பரிசா?"

"ஆமாப்பா. அங்கயே இரு, வெளிய வந்துடாத."

கிளம்பும் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலேறியது. குன்வோர் சொன்னபடியே டோர்மோட் முந்திக்கொண்டான். ஓட்வார், வளைவில் ஊன்றிச் சறுக்க இடது காலில் மாட்டியிருந்த இரும்புச் செருப்பைத் தரையில் தேய்த்தபடி வேலியை ஒட்டி வண்டியைச் சாய்த்தான். பின்சக்கரம் மண்ணைக் கவ்வியது. கூட்டத்தின் காபிக் கோப்பைகளில் சேறு விழுந்தது, ஒருவரும் நகரவில்லை. இரண்டாம் சுற்றில் இடைவெளி பாதியானது. மூன்றாவதில் சத்தம் கேட்டு டோர்மோட் வெளிப்பக்கம் நகர்ந்து வழியை அடைத்தான். மிச்சம் இருந்தது கைப்பிடி அகலம்தான். இனி யோசிக்க எதுவுமில்லை என்று ஓட்வாருக்குத் தோன்றியது. அது சந்தோஷமாகவே இருந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினான். முழங்கை வேலிப் பலகையில் உரசி எரிந்தது. அடுத்த வளைவில் அவனுக்கு முன்னால் யாருமில்லை.

பந்தயம் முடிந்ததும் டோர்மோட் நேராக அவனிடம் வந்தான். "எனக்கும் வேலிக்கும் நடுவுல எடமே இல்லயேடா!"

"இருந்துச்சு. நான் வந்தேனே."

டோர்மோட் வாய்விட்டுச் சிரித்து, சேற்றுக் கையாலேயே அவனைக் கட்டிக்கொண்டான்.

வசந்தத்தில் ஒரு ஸ்வீடன் பந்தயக் குழு தங்கள் முதன்மை ஓட்டுநராக வரச்சொல்லி போன் செய்தது. "எங்க அக்கா வந்தா வர்றேன்" என்றான் ஓட்வார்.

"என்னைக் கேட்டியா?" என்றாள் குன்வோர்.

"இப்பக் கேக்கறேன்."

"யோசிக்கணும்" என்றவள், ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.