எட்டாம் எண் மூக்காயி

என் விரல் ஏழாவது பெயருக்கு அடியில் நிற்கிறது, எஸ்தர் பாக்கியம் என்று நான் வாசித்ததும் நடு வரிசையில் முதலாண்டுப் பெண் ஒருத்தி எழுந்து உள்ளேன் அம்மா என்கிறாள், அவள் எஸ்தர் இல்லை, எஸ்தர் இறந்து அறுபது வருடமாகிறது, ஆனால் எங்கள் மெதடிஸ்ட் கல்லூரியில் நிறுவனர் நாளன்று முதல் மாணவிகள் ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், புதிதாகச் சேர்ந்த ஏழு பெண்கள் எழுந்து அவர்களுக்காகப் பதில் சொல்வார்கள், புகையிலைக் கிடங்கு ஒன்றில் மிஸ் ஹார்ட்லி பள்ளிக்கூடம் தொடங்கியபோது வந்தவர்கள் அந்த ஏழு பேர், பள்ளி கல்லூரியாகி, இந்த வருடம் சின்னதாக ஒரு பல்கலைக்கழகமும் ஆகிவிட்டது, எல்லாருக்கும் ஒரே மேசை என்று மிஸ் ஹார்ட்லி சொன்னது வாசல் வளைவில் பொறித்திருக்கிறது, இனி நான் ஏழு பெயர் மட்டும் இருக்கும் இந்தப் பதிவேட்டை மூடிவிட்டு உட்கார வேண்டும், மூடவில்லை.

மூட முடியாதபடி ஜூன் மாதத்து நூலகம் கண்முன் வருகிறது, கல்லூரி வரலாறு எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்த பழைய பதிவேட்டில் எட்டாவதாக ஒரு பெயர், மூக்காயி, மேலே சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் தானாக நின்றுவிட்டாள் என்று சாய்ந்த கையெழுத்து, ஆனால் அதோடு கொடுத்த மிஸ் ஹார்ட்லியின் நாட்குறிப்பு வேறு சொல்கிறது, மற்றப் பிள்ளைகளின் வீட்டார் அவளோடு உட்கார விடமாட்டோம் என்றார்கள், பின்படியில் தட்டு வைத்தோம், பதினோரு நாள் சாப்பிட்டாள், பன்னிரண்டாம் நாள் தட்டு இருந்தது, அவள் இல்லை. அந்தச் சாய்ந்த கையெழுத்து எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக் குடும்ப வேதாகமத்தில் பிறந்த நாட்களை எழுதிய கை, தலைமையாசிரியர் ஆபிரகாம், என் கணவர் கிளாட்சனின் கொள்ளுத்தாத்தா, பதிவேட்டில் இருந்த மூக்காயியின் தெருவும் எனக்குத் தெரியும், என் அம்மா பிறந்த தெரு, நான் வளர்ந்த தெரு.

முன்வரிசையில் பிஷப்புக்குப் பக்கத்தில் துணைவேந்தர் கமலாபாய், கிளாட்சனின் அம்மா, இங்கே எனக்கு மேடம், வீட்டில் அத்தை, அந்தத் தெருவுக்கே வந்து என்னைப் பெண் கேட்டவர், அம்மா போட்ட காப்பியை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தவர், அதனால்தான் இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, இன்று காலை இட்லித் தட்டின் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன், அத்தை சட்னியை என் பக்கம் நகர்த்திவிட்டு, இன்னிக்கு வேண்டாம்மா, பிஷப் வர்றாரு, அடுத்த வருஷம் நிதானமா பாத்துக்கலாம் என்றார், நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா நான் யார் பக்கம் உக்கார்றது, இட்லி இருக்கற பக்கந்தான் என்று கிளாட்சன் சிரிக்கப் பார்த்தான், யாரும் சிரிக்கவில்லை, நம்ம வீட்ல அப்படியா நடக்குது, உன்கூட ஒரே மேசையிலதானே சாப்பிடறோம் என்றார் அத்தை, நீங்க சாப்பிடறீங்க அத்தை, உங்க அக்கா மட்டும் மூணு வருஷமா எப்ப வந்தாலும் சாப்பிட்டுட்டு வந்துட்டேன்னு சொல்றாங்க, நீங்களும் ஒரு தடவைகூட அவங்கள உக்காரச் சொல்லல என்று என் வாய் சொல்லிவிட்டது, அத்தை பாதி இட்லியோடு எழுந்து கை கழுவினார், இன்று இந்தப் பெயரைச் சொன்னால் நாளைக் காலை அந்த மேசையில் எனக்கு இடம் இருக்குமா.

மூக்காயி, என்கிறேன்.

மைக்கில் என் மூச்சு கேட்கிறது, பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், எட்டாவது பெயருக்கு யாரையும் நியமிக்கவில்லை, பிஷப் நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிறார், கடைசி வரிசையில் கிளாட்சன் எழுந்து நின்றுவிட்டான், நான் மறுபடியும் மூக்காயி என்கிறேன், அப்போது முன்வரிசையில் நாற்காலி நகர்கிறது, அத்தை எழுந்திருக்கிறார், என்னை நிறுத்தப்போகிறார் என்று நினைக்கிறேன், வகுப்புக்கு வராத தோழிக்காகச் சொல்லும் பெண்ணைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு, ஆப்சென்ட், என்கிறார், எழுதிக்கோம்மா, யார் அதுன்னு கேட்டா நான் சொல்றேன், என்கிறார்.

பட்டியலில் இருப்பவள்தானே வராமல் போக முடியும், நான் பேனாவைத் திறக்கிறேன், விரல் ஏழாவது பெயரிலிருந்து கீழே இறங்குகிறது, அத்தை இன்னும் உட்காரவில்லை, நான் எழுதி முடிக்கட்டும் என்று நிற்கிறார்.