வெயில்சாமியின் சட்டை

முதல் வாக்கியம் பொய்யில்லை. வெயிலில் நின்றான், நெஞ்சில் காவி ஏறியது, நான் பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் என்ன வந்துவிடும்? இரண்டாவது வாக்கியத்தை வேகமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அது சாயமில்லை. இரண்டே சொல். ஒரு மூச்சுகூட ஆகாது.

பேருந்தில் ஏறியதிலிருந்து வெள்ளையம்மாள் இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து இருக்கையில் அன்புசெல்வி. கம்பெனியில் இருவருக்கும் ஒரே செக்கிங் டேபிள். ஆறு வருஷமாக எதிரெதிரே நின்று, தைத்து வரும் பனியன்களைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியாகத் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அன்புசெல்வியின் மகள் மதுமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது. அம்மாவின் பையைத் துழாவி ஸ்டிக்கர் பட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நகத்திலும் ஓர் அம்பை ஒட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த ஒன்றை வெள்ளையம்மாளின் புறங்கையில் ஒட்டி அழுத்தினாள்.

“பெரியம்மா, நீங்க டேமேஜ் பீஸு. உங்களை அனுப்ப முடியாதுங்க.”

வெள்ளையம்மாள் சிரித்தாள். அந்த அம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, மணிக்கட்டில், நகம் பதிந்த தழும்புகள் இன்னும் மறையவில்லை. போன மாதம் பள்ளி விடுமுறையன்று அன்புசெல்வி குழந்தையைக் கம்பெனிக்குக் கூட்டி வந்திருந்தாள். வலிப்புக்கான மாத்திரை ஒரு நாள் தவறிப்போயிருந்தது. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தலை தரையில் மோதாமல் மடியில் தாங்கிக்கொண்டவள் வெள்ளையம்மாள்தான். அந்தச் சிறிய உடம்பு அவ்வளவு பலத்தோடு வெட்டி இழுக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அன்புசெல்வி குரலைத் தாழ்த்தினாள். “மாத்திரை குடுத்தா புள்ளை நாள் முச்சூடும் தூங்கி வழியுதுங்கக்கா. எல்லாத்தையும் சாமிகிட்ட உட்டுப்போடுன்னு ஊட்ல சொல்றாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலைங்க. இன்னைக்கு நீங்க மேடையில சொல்லப்போறீங்கல்லங்க? உங்க வாயால கேட்டுப்போட்டு நிறுத்திப்போடறேன். நீங்க ஒரு பீஸைக்கூடப் பொய்யா பாஸ் பண்ணுனதில்லையே.”

வெள்ளையம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பொய்யாகப் பாஸ் செய்த பீஸ் ஒன்றிருந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் ஊரே கும்பிடுகிறது.

*

வெயில்சாமியின் மடம், ஒரு காலத்தில் பனியன் கம்பெனியாக இருந்த தகர ஷெட். தையல் மிஷின்களை எடுத்துவிட்டார்களே தவிர, மேலே வரிசை வரிசையாகத் தொங்கிய டியூப்லைட்டுகளை எடுக்கவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் சந்தன நிறத் திரை. பகல் பத்து மணிக்கும் உள்ளே டியூப்லைட் வெளிச்சம்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளையம்மாளுக்குத் தெரியும்.

வாசலிலேயே ஞானசம்பந்தம் காத்திருந்தார். மடத்தின் காரியங்களையெல்லாம் பார்ப்பவர். அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், மோர் வரவழைத்தார், பிறகு ஒரு தாளை நீட்டினார். சாமியின் வாழ்க்கை வரலாற்றைப் படமெடுக்கிறார்கள். அதில் அக்காவின் வாக்குமூலம்தான் முக்கியம் என்று முன்பே சொல்லியிருந்தார். தாளில் அவள் மனப்பாடம் செய்திருந்த அதே இரண்டு வாக்கியங்கள், பெரிய எழுத்தில்.

“அந்த முருகேஷு யூடியூப்ல பேசினதுல இருந்து சனம் ஒரு மாதிரியாப் பாக்குதுங்க,” என்றார். “சாயம்ங்கறான். பக்கத்துல நின்னு பாத்தவங்க நீங்கதானுங்களே. நீங்க சொல்லிப்போட்டா அப்புறம் யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. அவனும் புள்ளைகுட்டிக்காரன், பாருங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மோர் டம்ளரை அவள் கீழே வைத்துவிட்டாள்.

முருகேஷ் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவளும், இன்று வெயில்சாமியாகிவிட்ட தம்பி இசக்கிமுத்துவும், முருகேஷும் வேறொரு கம்பெனியில் இருந்தார்கள். இசக்கி கட்டிங் மாஸ்டர். சந்தன நிறச் சட்டைக்கு ஓர் ஆர்டர். துணி இரண்டு தவணையாகச் சாயமேறி வந்தது. இரண்டும் டியூப்லைட்டில் ஒரே நிறம். வெயிலில் கொண்டு போனால் ஒன்று சந்தனமாகவே இருக்கும், மற்றது காவியாகத் தெரியும். சாயக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். அதனால்தான் வெயில் போன்ற விளக்கு எரிகிற லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் துணியைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று விதி. இசக்கி அவசரத்தில் இரண்டு தவணையையும் கலந்து வெட்டிவிட்டான். முன்பக்கம் ஒன்று, கையும் முதுகும் மற்றது. செக்கிங்கில் அதைப் பிடித்திருக்க வேண்டியவள் வெள்ளையம்மாள். லைட் பாக்ஸில் பல்ப் போயிருந்தது. பத்தடி நடந்தால் ஜன்னல். அவள் நடக்கவில்லை. டியூப்லைட்டிலேயே பார்த்து எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிட்டாள்.

மொத்த ஆர்டரும் திரும்பி வந்தது. ஒதுக்கிப் போட்ட குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆளாளுக்கு ஏசியதைக் கேட்டுத் தலைகுனிந்தபடி, மதியம் இசக்கி வெளியே போனான். முற்றத்தில் டிபன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களைக் கடந்து வெயிலில் நின்றான். சட்டையின் நெஞ்சுப் பகுதி மட்டும் மெல்லக் காவியானது. வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிற ஓர் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு, ஆண்டவன் இந்தப் பையன் நெஞ்சிலே வந்து இறங்கிவிட்டான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த அம்மாவின் மகன் இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

இசக்கி வாசலில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. அழுகிற அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவில்லை என்று பல வருஷம் தனக்குத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் அந்த நிமிஷம் அவளுக்குள் ஓடியது வேறு. சாமி இறங்கியது என்றால் அது தப்புப் பீஸ் இல்லை. அது தப்புப் பீஸ் இல்லை என்றால் நான் செய்ததும் தப்பில்லை. அந்த ஆறுதலின் ருசி அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

*

கதவு திறந்து இசக்கிமுத்து வந்தான். ஞானசம்பந்தம் கைகட்டி வெளியேறினார். இசக்கியின் தாடி மார்பைத் தொட்டது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடை மட்டும் மாறவில்லை. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தான். தனியாக இருக்கும்போது இப்படித்தான்.

“சாப்டியாக்கா?”

“நீ சாப்டியால?”

“பயமா இருக்குக்கா,” என்றான். “வாரவங்க இப்பல்லாம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காங்க. சட்டையத்தான் பாக்காங்க. தையல் எங்க இருக்குன்னு பாக்காங்க.”

அவன் தலையைத் தடவ எழுந்த கையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவர்களுடைய அப்பா சுடலை, சொந்த ஊரில் வருஷத்தில் ஒருநாள் சாமியாடுவார். கோயில் கொடைத் திருவிழா அன்று ஊர்ப் பெரிய ஆட்களெல்லாம் அவர் முன்னால் குனிந்து திருநீறு வாங்குவார்கள். மறுநாள் காலையில் அதே ஆட்கள் “ஏல சுடலை” என்று கூப்பிட்டுச் சாக்கடை அள்ளச் சொல்வார்கள். கொடையில் தீப்பந்தம் பிடித்த கையில் எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகாத எட்டு வயது இசக்கி, அப்பா மண்வெட்டியோடு போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: இன்னைக்கும் அப்பா சாமியாவே இருந்தா என்னக்கா? பன்னிரண்டு வயது அக்கா அவன் கைப் பிசுக்கைத் துடைத்துவிட்டாள். அவன் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டான். மறுநாள் என்ற ஒன்று வராத சாமி. ஒன்பது வருஷமாக அந்த மறுநாள் வரவில்லை. முருகேஷ் வடிவில் இப்போது வாசல்வரை வந்து நிற்கிறது.

“நான் யாரையும் ஏமாத்தலக்கா. அவங்களா வந்தாங்க. அவங்களாத்தான் அழுதாங்க. அழுதுட்டு நிம்மதியாப் போறாங்க. அதுல என்ன குத்தம்?”

“மூணாவது வரிசையில ஒரு புள்ள இருக்கு. வலிப்பு. மாத்திரைய நிறுத்தப்போறாங்க. நிறுத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அப்புறம் நீ சொல்லச் சொல்லுதத நான் சொல்லுதேன்.”

அவள் உண்மையாகவே சொல்லியிருப்பாள்.

“நிறுத்துன்னு நான் யார்ட்டயும் சொன்னதில்லக்கா.”

“நிறுத்தாதேன்னு சொல்லு.”

“சாமியே மாத்திரை சாப்பிடச் சொன்னா அப்புறம் சாமி எதுக்குன்னு கேப்பாங்கள்லா?” என்றான். “ஒனக்குப் புரியாதாக்கா? அத ஒருத்திகிட்டச் சொன்னா எல்லார்ட்டயும் சொல்லணும். என்னைய மறுபடி ஏலன்னு கூப்புடுவாங்கக்கா.”

அவள் அவனையே பார்த்தாள். பொய் சொல்கிறவனின் முகமாக இருந்தால் எளிதாக இருந்திருக்கும். அது பயந்தவன் முகம். பந்தம் அணைந்துவிடக் கூடாதே என்று காற்றுக்கு முதுகைக் காட்டி நின்ற பையனின் முகம். இவனுக்காகப் பதினாறு வயதில் ரயிலேறித் திருப்பூர் வந்தாள். இவனுக்காக எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

வெளியே பஜனை நின்றது. ஞானசம்பந்தம் கதவைத் தட்டினார்.

*

மேடையில் டியூப்லைட்டின் வெள்ளை வெளிச்சம். கேமரா ஒன்று, மைக் ஒன்று, நடுவே ஆசனத்தில் இசக்கிமுத்து. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, ஞானசம்பந்தம் அவளிடம் கொடுத்தார். சாமியைச் சுமந்த சட்டை, சாமியைச் சுமந்து வளர்த்த கைக்கே வருகிறது என்று மைக்கில் சொன்னார். அதை ஏந்திக்கொண்டு அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். பிறகு நெஞ்சில் காவி ஏறுவதைப் பார்க்க எல்லாரும் அவளோடு வெயிலுக்கு நடக்க வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

துணி கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின. கழுத்து, தோள், கை, பக்கத் தையல். ஒன்பது வருஷத்துக்கு முன்பு இதே விரல்கள் இதே இடங்களைத் தொட்டுத் தாண்டின. முன்பக்கமும் முதுகும் சேர்கிற தையலில் கட்டைவிரல் நின்றது. இந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறம். அன்றும் ஒரே நிறம்தான்.

கூட்டம் அவள் வாயைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அன்புசெல்வி மட்டும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கம். மதுமதி அம்மாவின் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். அன்புசெல்வியின் மடியில் பை, பையின் வாயைப் பிடித்த விரல்களுக்கு நடுவே மாத்திரை அட்டை.

“சொல்லுங்கம்மா,” என்றார் ஞானசம்பந்தம், மெதுவாக.

முதல் வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால்? நிறுத்த விடமாட்டார்கள். அவளுக்கும் நிறுத்தத் தெரியாது. பத்தடி தூரத்தில் ஜன்னல் இருந்தும் நடக்காதவள்தானே.

அவள் தன் புறங்கையைப் பார்த்தாள். பேருந்தில் குழந்தை ஒட்டிய அம்பு வேர்வையில் ஓரம் கிளம்பியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். சட்டையின் பக்கத் தையலில், முன்பக்கம் முதுகோடு சேர்கிற இடத்தில், அதை வைத்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். அம்பு வெளியே தெரிகிற மாதிரி, தினமும் நூறு முறை மடிக்கிறபடியே சட்டையை மடித்து, பெட்டியின் மேல் வைத்தாள்.

முன்வரிசைக்கு எதுவும் விளங்கவில்லை. யாரோ அரோகரா என்றார்கள். கேமராக்காரன் இன்னும் பக்கத்தில் வந்தான்.

அன்புசெல்வி எழுந்து நின்றாள். அந்தச் சிவப்பைப் பார்த்தாள், வெள்ளையம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தட்டி எழுப்பினாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

இசக்கிமுத்து ஆசனத்திலிருந்து இறங்கி வந்திருந்தான். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவன் அப்படி இறங்கியதில்லை. மைக்கை அவனே எடுத்து அவள் கையில் வைத்தான்.

“ஒரு வார்த்தைக்கா,” என்றான். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. “எனக்காக.”

வெள்ளையம்மாள் மைக்கின் பொத்தானைத் தேடி அணைத்தாள். அதை மடித்த சட்டைக்குப் பக்கத்தில், சட்டையைத் தொடாதபடி வைத்தாள்.

“மாட்டேன், இசக்கி,” என்றாள்.